முதுகைக் காட்டி நின்றவர்கள்

விழுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சர்க்கஸா, சினிமாவா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. மனிதர்கள் அன்றாட வாழ்க்கையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் ஒரு பிரிவில் நான் கள உதவியாளராக இருந்தேன். பொது இடத்தில் ஒரு பெண் திடீரென்று விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண் நான்தான். பேருந்து முனையத்தில் விழுந்திருக்கிறேன், ரயில் நிலையப் படியில் விழுந்திருக்கிறேன், பேரங்காடியில் மின்படிக்கட்டு முடிகிற இடத்தில் விழுந்து பின்னால் வந்த பெரியவர் ஒருவரையும் சேர்த்துச் சாய்த்திருக்கிறேன். இடது முழங்கால் தேய்ந்துபோய், ஐம்பத்தைந்து வயதில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. எழுத வைத்தது, சென்ற நோன்பு மாதத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவள் ஷாலினி. நான் வேலையை விட்டபோது என் இடத்துக்கு வந்த பெண்.

"மெஹர்க்கா, முட்டி எப்படி இருக்கு? கா, அந்த வீடியோ பாத்தீங்களா? லிட்டில் இந்தியால ஒரு பொண்ணு மயங்கிக் கெடக்குது, சுத்தி அத்தன ஆம்பளைங்க சும்மா நிக்கிறாங்க. ஒருத்தன் கையில தண்ணி பாட்டில வச்சுக்கிட்டு ஃபோன் பேசிட்டு இருக்கான்! டாக்டர் பாத்துட்டு, இத ட்ரெய்னிங்ல போடணும்னு சொல்லிட்டாரு. நம்ம பேஜ்லயும் போட்டாச்சு. அடுத்த வாரம் நீங்க வந்து கொஞ்சம் பேசணும் லா. நீங்கதானே ஒரிஜினல்!"

பார்த்தேன் என்றேன். வருகிறேன் என்றேன். அந்த வீடியோவில் தரையில் கிடப்பவள் என் மகள் நிலோஃபர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தண்ணீர் பாட்டில்காரருக்கு அதனால் வேலையே போகவிருந்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. இந்த இரண்டுக்கும் முன்னால், நாங்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

உளவியலில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். பட்டம் விழுவதற்கு உதவவில்லை. ஜூடோ தெரிந்த ஒரு மலாய்க்காரர் மெத்தை விரித்துச் சில வாரங்கள் கற்றுக்கொடுத்தார். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். உள்ளங்கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். தலை கடைசியாகத் தரையைத் தொட வேண்டும், அதுவும் தொட்டும் தொடாமலும். இடது தோளில் துணிப்பை. பைக்குள் ஆரஞ்சுப் பழங்கள். விழும்போது பையின் வாய் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் பழங்கள் உருண்டு ஆட்களின் காலுக்குள் போகும். பழம் காலில் இடித்தால் "நான் கவனிக்கவில்லை" என்று யாரும் தப்பிக்க முடியாது என்பது டாக்டரின் கணக்கு. விழுந்தபின் நான் பேசக் கூடாது. யார் கண்ணையும் பார்க்கக் கூடாது. குறித்த நேரம் முடிந்து எதிர்ப்பக்கத்தில் டாக்டர் குடையை மடக்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும்.

டாக்டர் என்றால் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் இளங்கோவன். வெயிலோ மழையோ, ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ கொசோங். சீனி போடாத அந்தக் கறுப்புக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத் தமிழில்தான் பேசுவார். ஒருவர் சொன்னதைக் குப்பையில் போடப் போகிறார் என்றால், கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைத்துக்கொண்டு, "உங்கள் கருத்தை மதிக்கிறேன்" என்பார். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு அவரிடம் போனதும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பழம் எத்தனை திரும்பி வந்தது?"

அடிபட்டதா என்று அவர் கேட்டதில்லை. நசுங்கிய பழங்களை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விழுந்த ஆரஞ்சுகளின் சாற்றைக் குடித்து வளர்ந்தவள் என் மகள்.

வேடிக்கையான நாள்களும் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். மின்தூக்கியில் முன்னால் ஏறியவர்கள் எல்லோரும் கதவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றால், பிறகு ஏறுகிறவரும் காரணம் கேட்காமல் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்ப்பார். உண்மைதான். கோட்டும் டையுமாக வந்த பெரிய அதிகாரிகள் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். புக்கிட் மேராவில் நாங்கள் குடியிருந்த வட்டாரத்தில் மட்டும் ஒரு சீனத் தாத்தா திரும்பவில்லை. எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "கதவு இந்தப் பக்கம் லா" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

இன்னொரு நாள் தோ பாயோவில், நாங்கள் மூன்று பேர் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே ஒன்றுமில்லை. மூன்று பேர் பார்த்தால் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் சோதனை. பார்த்தார்கள். கோயிலிலிருந்து திருநீற்றோடு வந்த ஒரு அம்மா மட்டும் என்னிடம், "என்னம்மா, யார் வீட்டுத் துணி காயப்போடுற கம்பு விழப்போவுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லக் கூடாது. அந்த அம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மின்தூக்கியில் ஏறிப் போய், மாடி மாடியாகக் கதவைத் தட்டி, "உங்க வீட்டுக் கம்பப் பாருங்க, கீழ கூட்டம் நிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் அவரை எப்படிக் குறித்தார் தெரியுமா? "நிற்கவில்லை, விலகிச் சென்றார்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதே மாதிரிக் குறிப்பு பின்னால் சிரிப்பாக இருக்கவில்லை.

எங்கள் துறை கண்டு சொல்லும் விஷயங்களில் பொய் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆள் உடனே ஓடிவருவார். கூட்டமாக இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தயங்குவார்கள். யாரும் உதவமாட்டார்கள் என்று நாம் பயப்படுவோம். வாய் திறந்து கேட்டால் பெரும்பாலோர் உதவுவார்கள். பொதுவாக "ஹெல்ப்" என்று கத்தினால் கூட்டம் அசையாது. ஒரே ஒருவரைக் கைகாட்டி, "பச்சைச் சட்டை அண்ணா, நீங்க வாங்க" என்றால் அந்த அண்ணா வந்துவிடுவார். இதை என் அனுபவத்திலேயே பார்த்து, மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். "தலை சுத்துற மாதிரி இருந்தா ஒருத்தரப் பாத்து, அவர மட்டும் கூப்பிடு" என்று. ஆகவே என் சண்டை கண்டுபிடிப்புகளோடு இல்லை. எதை உதவி என்று குறிக்கிறார்கள், யார் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான்.

அந்தச் சண்டை தொடங்கியது, லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

ஞாயிறு என்றால் வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளிலிருந்து வந்து இறங்கும் நாள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைமுகப்பு நடைபாதையில் நான் விழுந்தேன். சரியான விழுகை. பழங்கள் நாலா பக்கமும் ஓடின. வேறு இடங்களில் விழும்போது முதலில் ஒரு அமைதி வரும், செருப்புகள் நிற்கும், பிறகு நகரும். இங்கே அமைதியே இல்லை. என் தலைக்கு மேல் சந்தைக்கடை மாதிரி சத்தம்.

"டேய், பழத்த மிதிக்காதடா!"

"ஏப்பா, அந்தச் சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுற அக்கா இருப்பாங்க, போயி இட்டுக்கிட்டு வா. ஓடு!"

"தள்ளி நில்லுங்கப்பா, காத்து வரட்டும்."

"புடவை ஒதுங்கியிருக்கு பாரு. திரும்பி நில்லுங்கடா எல்லாரும். இங்க என்ன சினிமாவா ஓடுது?"

அடுத்து நான் பார்த்தது முதுகுகள். என்னைச் சுற்றி ஒரு வட்டமாக, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தெருவில் போகிறவர் யாரும் என்னைப் பார்க்க முடியாது. யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் என்னிடம் பேசவுமில்லை. தெரியாத ஊரில், தெரியாத ஒரு பெண்ணைத் தொடலாமா என்று அவர்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. தொடக் கூடாது, ஒரு பெண்ணை அழைத்துவர வேண்டும், அவர் வரும்வரை மறைத்து நிற்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் அத்தனை பேரும் அதையே செய்தார்கள். பாத்திரம் கழுவும் அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அதற்குள் டாக்டரின் குடை மடங்கி நேரமாகியிருந்தது; முதுகுகள் மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை.

பழங்கள் ஒருவரின் தொப்பியில் வந்து சேர்ந்தன. கொண்டுபோனதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. யாரோ தன் பையிலிருந்த பழத்தையும் என்னுடையது என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் டாக்டர் கேட்டார். "தொட்டு எழுப்பினார்களா?"

"இல்ல டாக்டர்."

"உங்களிடம் பேசினார்களா?"

"என்கிட்ட பேசல. எனக்காகப் பேசினாங்க."

"எனக்காக என்று ஒரு கட்டம் நம் குறிப்புத் தாளில் இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடுவோம். ஆள அனுப்பி ஒரு அக்காவக் கூட்டிட்டு வந்தாங்க டாக்டர். என்னை மறைச்சு நின்னாங்க."

"அந்தப் பெண் குறித்த நேரத்துக்குப் பிறகுதான் வந்தார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எதிரிலிருந்து பார்த்தேன்."

"முகத்தத் திருப்பல. முதுகக் காட்டினாங்க. ரெண்டும் வேற. நாம போயி அவங்களயே ஏன்னு கேக்கலாமே?"

கண்ணாடி கழன்றது. டை நுனி எழுந்தது. "உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் நாம் கேட்பதில்லை. தான் ஏன் அப்படி நடந்தேன் என்று மனிதன் சொல்லும் காரணத்தை நம்ப முடியாது. பின்னால் கற்பித்துக்கொள்வான்."

அதுவும் புத்தகங்களில் இருப்பதுதான். நம் செயலுக்கு நாம் சொல்லும் காரணம் பல நேரம் உண்மைக் காரணமாக இருப்பதில்லை. சரி. ஆனால் செய்தவன் சொல்லும் காரணத்தை நம்பக் கூடாது, எதிர்ப்பக்கத்தில் காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தவர் ஊகிக்கும் காரணத்தை மட்டும் நம்ப வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? கூடுதலாக வந்த ஆரஞ்சை என்ன செய்தார்கள் என்றால், "எண்ணியதில் பிழை" என்று குறித்தார்கள். குறிப்பைத் திருத்தச் சொல்லி மூன்று முறை மூன்று வழியாகக் கேட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டார்கள். "ஆள் கூடும் இடத்தில் உதவி குறைவு" என்ற வரி பயிற்சி வகுப்பில் ஏறியது. நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சந்தின் படத்தோடு அந்த வரி திரையில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய்விடுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இப்போது என் மகளுக்கு வருகிறேன்.

நிலோஃபர் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். நோன்பு மாதத்தின் அந்த ஞாயிறு, பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த உடையை வாங்கிவரச் சிராங்கூன் சாலைப் பக்கம் போனாள். முந்தைய இரவு பாடம் படித்துவிட்டுச் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் உணவைச் சரியாகச் சாப்பிடாமலே நோன்பு வைத்திருந்தாள். நான் புக்கிட் மேராவில் அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகிறதே, எங்கே இருக்கிறாய் என்று கேட்க அவளுக்கு ஃபோன் போட்டேன்.

எடுத்தது ஓர் ஆண் குரல்.

பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. "யாருடா நீ? எம்புள்ள ஃபோன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?" என்று கத்தினேன். எந்த நாளும் யாரையும் 'டா' போட்டுப் பேசாதவள் நான்.

"அக்கா, பதறாதீங்கக்கா. எம்பேரு கருப்பையா. பாப்பா மயங்கிருச்சு. பூக்கட அக்கா மடியில படுக்க வச்சிருக்காங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, வருது. மூச்சு நல்லா இருக்குக்கா. அக்கா, பாப்பா நோம்பா? தண்ணி கையில வச்சிருக்கேன். குடுக்கலாமாக்கா? எங்க ஊரு அறந்தாங்கிக்கா, அண்ட அசலெல்லாம் பாய்மாரு வீடுதான். நாங்க குடுத்து நோம்பு போயிரக் கூடாதேன்னு கேக்குறேன்."

"குடுங்க தம்பி, குடுங்க, நோம்பு கெடக்கட்டும்" என்றேன். பின்னால் ஒரு பெண் குரல் அதட்டுவது கேட்டது. "கண்ணத் தொறக்கட்டும்யா, மயக்கத்துல ஊத்தினா பொரயேறிடும்!" பூக்கடை அக்கா. ஆம்புலன்ஸில் வந்தவரும் பிறகு அதையேதான் சொன்னார். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதது நல்லதாயிற்று என்று.

மருத்துவமனையில் கண் விழித்துக் குளூக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நிலோஃபர் சொன்னாள். "ம்மா, சுத்திக்கிட்டு வந்துச்சு. நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். பச்ச சட்டை போட்ட ஒருத்தர கைகாட்டி 'அண்ணா'ன்னேன். அப்புறம் தெரியல."

என் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்த கருப்பையா அன்றிரவு தன் ஃபோனிலிருந்து அழைத்து நலம் விசாரித்தார். "அத்தன பேரு இருக்கையில என்னையப் பாத்து அண்ணான்னுச்சுக்கா. அப்புறம் நான் எப்படி நவுர்றது?"

வீடியோ இரண்டு நாள் கழித்து வந்தது. யாரோ சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம்! எனக்கு அந்த இடம் தெரியும், அந்தக் கோணம் தெரியும். குரல்களை எடுத்துவிட்டு சோக வயலின் போட்டிருந்தார்கள். வட்டமாக ஆண்களின் முதுகுகள். வட்டத்துக்குள்ளே முக்காட்டு ஊசியைக் கழற்றிக் கழுத்தைத் தளர்த்திவிடுகிறார் பூக்கடை அக்கா. அதற்காகத்தான் அத்தனை பேரும் திரும்பி நிற்கிறார்கள். ஆனால் அக்கா படத்தில் தெரியவில்லை, முதுகுகள் மறைக்கின்றன; ஆட்களின் கால்களுக்கிடையே தரையில் என் மகளின் கால்கள் மட்டும் தெரிகின்றன. வட்டத்தின் ஓரத்தில் பச்சைச் சட்டை, ஒரு கையில் பாட்டில், மறு கையில் ஃபோன். கீழே வந்த வசைகளை எழுத என் கை கூசுகிறது. ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், இவன் ஃபோனில் கொஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று ஒருவர்.

அவர் பேசிக்கொண்டிருந்தது என்னோடு. அந்த ஃபோன் என் மகளுடையது.

ஷாலினி என்னை அழைத்தது இதற்குப் பிறகு. அதற்கு மறுநாள் கருப்பையாவே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "சட்டையில கம்பெனி பேரு தெரியுதாம்க்கா. கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. நடந்தத சொன்னேன். 'எவனோ போட்டிருந்தா விட்டிருவேன், படிச்சவங்களே ஆராய்ச்சி பண்ணிப் போட்டிருக்காங்களே'ங்கிறாரு. அடுத்த மாசம் பெர்மிட்டு முடியுது. புதுப்பிக்க மாட்டாங்க போலக்கா."

படிச்சவங்க. என் பழைய பிரிவின் பக்கத்தில் அந்த வீடியோவுக்கு மேலே எழுதியிருந்த வரியை நான் போய்ப் பார்த்தேன். "ஆள் கூடும் இடத்தில் உதவி குறைவு: நேரடிச் சான்று." அதே வரி. நான் எழுந்து வெளியே போன அதே வரி.

பயிற்சி நாளன்று நான் நேரத்துக்குப் போனேன். அறை நிறையப் புதியவர்கள், எல்லாரும் பட்டதாரிகள். டாக்டர் இப்போது ஆலோசகர். முடி முழுக்க வெளுத்துவிட்டது, குடை மட்டும் அதே குடை. ஷாலினி என்னை "நம்ம லெஜண்ட்" என்று அறிமுகம் செய்துவிட்டு வீடியோவை ஓடவிட்டாள். வயலின் தொடங்கியது.

"நிறுத்தும்மா" என்றேன். "கீழ கெடக்குறது எம்மக."

ஷாலினியின் கை வாய்க்குப் போனது. "கா... ஏன்கா அன்னிக்கே சொல்லல?"

கருப்பையாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்ததை வைத்து ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னேன். இவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர். இவர் பூக்கடைக்கு ஓடியவர், அதனால்தான் மூச்சு வாங்க நிற்கிறார். இவர்கள் ஏன் முதுகைக் காட்டுகிறார்கள் என்றால், என் மகளின் முக்காடு தளர்த்தப்படுகிறது. இந்த ஃபோனின் மறுமுனையில் நான்.

டாக்டர் மென்மையாகச் சொன்னார். "மெஹர், இது உங்களை எவ்வளவு பாதித்திருக்கும் என்று புரிகிறது. உணர்ச்சியைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்ப்போம். அவர் தண்ணீரை வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. அது காட்சியில் இருக்கிறது. நாம் அவர் பெயரைப் போடவில்லையே."

"சட்டையில கம்பெனி பேரு இருக்கு டாக்டர். அவருக்கு வேலை போகப் போவுது."

"முகத்தை மங்கலாக்கிவிடலாம்."

"மங்கலாக்கினா குற்றவாளி மாதிரி இருக்கும்."

"பின் ஏன் அவர் தண்ணீர் கொடுக்கவில்லை?"

"நீங்களே கேளுங்களேன்."

"நாம் கேட்பதில்லை, மெஹர். உங்களுக்குத் தெரியும்."

மதிய இடைவேளை நேரம். அறையிலேயே கருப்பையாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தேன். பின்னணியில் இரும்பு வெட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா! சொல்லுங்கக்கா. பாப்பா எப்படி இருக்கு?"

பழம் எத்தனை என்று கேட்டவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கா தம்பி. நான் பழைய ஆபீஸ்ல இருக்கேன், எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அன்னிக்கு ஏன் தண்ணி குடுக்கலன்னு தெரிஞ்சுக்கணுமாம்."

"உங்ககிட்ட கேட்டுக்கிட்டுதானக்கா இருந்தேன்? அப்புறம் கண்ணு முழிச்சதும் பூக்கட அக்கா குடுத்துட்டாங்க. அக்கா, அதயே கேக்கணும்னு இருந்தேன். அந்த நோம்பு கூடுச்சா? எங்களால போயிருச்சா?"

"போன நோம்ப இன்னொரு நாள் வச்சுக்கலாம் தம்பி. ஒண்ணும் குறையில்ல."

"அப்ப சரிக்கா." கொஞ்சம் தயங்கினார். "அக்கா, படிச்சவங்க இருக்காங்கன்னீங்களே, அவங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? இனிமே யாராச்சும் விழுந்தா நான் என்ன பண்றதுங்க? நின்னா படம் புடிச்சுப் போடுறாங்க. பாக்காத மாதிரி போனவன் அன்னிக்கு எத்தனயோ பேரு, அவனெல்லாம் படத்துலயே இல்ல. ரூம்ல பசங்க சொல்றாய்ங்க, இனிமே திரும்பிப் பாக்காம போயிக்கிட்டே இருடான்னு. நிக்கவா, போகவா? சொல்லுங்க, அப்படியே செய்யிறேன்."

மனித நடத்தையை ஆராய்வதற்கென்றே படித்தவர்கள் அந்த அறையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது பேசுவார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுடைய தாளிலேயே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

"நில்லுங்க தம்பி" என்றேன் நான்.

"சரிக்கா. மணி அடிச்சிட்டாங்க, வச்சிர்றேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "உங்கள் கருத்தை…" என்று தொடங்கினார். ஷாலினி காதில் வாங்கவில்லை. அவள் எழுந்து கணினிக்குப் போய், யாரிடமும் அனுமதி கேட்காமல் பிரிவின் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை நீக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் என்னோடு அந்தக் கம்பெனிக்கும் வந்தாள். "நாங்கதான் தப்பாப் போட்டோம்" என்று சூப்பர்வைசரின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

கருப்பையாவுக்கு வேலை போகவில்லை. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எதற்கு நன்றி? செய்யாத குற்றத்துக்குத் தண்டனை தராததற்கா? வீடியோ இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வரி அங்கே எழுதுங்கள் என்று கேட்டேன். பரிசீலிக்கிறார்களாம். பிரதி எடுத்துப் பரப்பியவர்களின் பக்கங்களில் அந்த வயலின் இன்னும் அழுதுகொண்டிருக்கிறது. பயிற்சித் தாளில் அந்தப் பழைய கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

பெருநாள் முடிந்த ஞாயிறு, பூக்கடை அக்காவுக்குக் கொடுக்கப் பலகாரம் எடுத்துக்கொண்டு நிலோஃபர் கிளம்பினாள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அவள் ஃபோனை எடுக்கத் தாமதித்தால் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருக்கிறேன். என் கணவருக்கும் அப்படித்தான். "ஞாயித்துக்கிழம அங்க ஏன் போவணும்? போனா கூட்டத்துல மாட்டாம ஓரமாப் போ" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசல்வரை போய், அவள் முக்காட்டு ஊசியைச் சரிசெய்துவிட்டேன்.

"ஓரமாப் போகாத. ஆளுங்க நிக்கிற பக்கமாவே போ" என்றேன்.